குறைபார்வை உடையோர் தெருவைக் கடத்தல்

குறைபார்வை உடையோர் தெருவைக் கடத்தல் என்பது, பார்வையை முற்றிலும் இழக்காத, ஆனால் கண்ணாடி அணிந்தும் பார்வை சீராகாத ஒருவர் சாலையை எப்பொழுது கடக்கலாம் என்று முடிவெடுக்கும் முறைகளைக் குறிக்கும். இது திசையறிதல் மற்றும் நடமாட்டப் பயிற்சி எனப்படும் துறையின் ஒரு பகுதி ஆகும். முற்றிலும் பார்வையற்ற ஒருவர், தாம் வண்டியைக் காண இயலாது என்பதைத் தெரிந்தே சாலையோரத்தில் நிற்கிறார். குறைபார்வை உடையவருக்குச் சாலை தெரிகிறது. எதிர்ப்பக்கக் கடையும் தெரியலாம். ஆனால், கண்ணில் படாத வண்டியும் உண்மையில் இல்லாத வண்டியும் அவருக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வரையறை

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் படி, நல்ல நிலையில் உள்ள கண்ணின் பார்வைக் கூர்மை, கண்ணாடி அணிந்த பின்னரும் 6/18 க்கு மேற்படாது 3/60 வரை இருப்பின், அல்லது பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருப்பின், அது குறைபார்வை ஆகும். 6/60 என்பது, இயல்பான கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டருக்கு நெருங்கி வந்தே படிக்க இயலும் என்பதைக் குறிக்கும்.

ஒரே அளவெண் உடைய இருவர் சாலையில் ஒரே மாதிரி காண்பதில்லை. விழித்திரையின் மையப்பகுதி சிதைந்தவர் வண்டியின் எண்ணைப் படிக்க முடியாது. ஆயினும் ஓரப் பார்வையில் அதன் அசைவை உணர்வார். விழித்திரை நிறமிச் சிதைவு உடையவர் குழாய் வழியே பார்ப்பது போலக் காண்பார். தொலைவில் வரும் பேருந்தை நன்றாகக் கண்டாலும் பக்கத்தில் திரும்பும் ஈருருளியைத் தவறவிடக்கூடும். மாலை மங்கலில் முகப்பு விளக்கு இன்றி வரும் சாம்பல் நிற வண்டி பலருக்கும் தெரிவதில்லை. அதே வண்டி விளக்கெரிய இரவில் வந்தால் முன்கூட்டியே தெரியலாம்.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்?

இதனை எளிய கணக்கால் அறியலாம். இரு தடங்கள் கொண்ட, 7 மீட்டர் அகலமான சாலையை நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ ஆறரை நொடி ஆகும். முடிவெடுத்துக் காலை எடுத்து வைக்க ஒன்றரை நொடி சேர்த்தால் 8 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்து இந்த 8 நொடியில் சுமார் 133 மீட்டர் கடந்துவிடும். அதாவது, புறப்படும்போது 133 மீட்டருக்குள் வண்டி ஏதும் இல்லை என்பது உறுதியாக வேண்டும்.

1.8 மீட்டர் அகல மகிழுந்து அத்தொலைவில் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 46 பாகைக்கலை. பார்வைச் சோதனை அட்டையின் 6/60 வரிசை எழுத்தின் கோணம் 50 பாகைக்கலை. எனவே, அந்தப் பெரிய எழுத்தை மட்டுமே படிக்கும் ஒருவருக்கு அவ்வண்டி, காணக்கூடியதன் எல்லையில் உள்ளது. அசைவைக் கண்டுகொள்வது எழுத்தைப் படிப்பதை விட எளிது என்பதால் இக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அட்டையில் பெற்ற எண்ணைக் கொண்டு சாலையை மதிப்பிடுவதும் அதனாலேயே போதாது. அந்தச் சாலையிலேயே அளந்தாக வேண்டும்.

நேர அளவை முறை

ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த நடமாட்டப் பயிற்றுநர் டோனா சாவர்பர்கர் பரவலாக்கிய முறை இதற்கானது. முதலில் அத்தெருவைக் கடக்கத் தேவைப்படும் நேரம் அளக்கப்படும். பின்னர் பயில்பவர் நிறுத்துக் கடிகாரத்துடன் ஓரத்தில் நிற்பார். ஒரு வண்டியைக் கண்டோ கேட்டோ உணர்ந்தவுடன் கடிகாரத்தைத் தொடங்கி, அது தம்மைக் கடக்கும்போது நிறுத்துவார். இவ்வாறு பல வண்டிகளுக்கு அளக்கப்படும். கிடைத்தவற்றுள் மிகக் குறைந்த நேரமும் கடக்கும் நேரத்தை விட மிகுதியாக இருந்தால், எதுவும் தெரியாதபோது கடக்கலாம். இல்லையெனில் அவ்விடம் 'உறுதியற்ற நிலை' எனப்படும். அங்கே எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயனில்லை. வேறு இடம் தேட வேண்டும், துணை கேட்க வேண்டும், அல்லது ஆபத்தை அறிந்தே ஏற்க வேண்டும்.

சராசரியைக் கொள்ளாமல் மிகக் குறைந்த அளவைக் கொள்வது இம்முறையின் சிறப்பு. அளவு அந்த இடத்திற்கும் அந்த வேளைக்குமே பொருந்தும். வளைவு, மேடு, நிறுத்தப்பட்ட சரக்குந்து ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதனை மாற்றிவிடும். வண்டிகள் இடப்பக்கம் செல்லும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அருகிலுள்ள தடத்தின் வண்டி வலப்புறமிருந்து வரும். அதைப் பற்றிய கவலை முதல் பாதிக்கே. இடப்புறமிருந்து வருவது, கடப்பவர் பிற்பாதியில் இருக்கையில் வந்து சேரும் என்பதால் அதற்கே முழு நேரமும் தேவை. எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது வழக்கமாகிவிட்ட தெருக்களில் இருபுறத்தையும் முழு நேரத்திற்கு அளப்பதே சரி.

செவியின் பங்கு

'அமைதியாக இருந்தால் கடக்கலாம்' என்பது பழைய பாடம். ஆனால் காற்று, மழை, கட்டட வேலை ஆகியவற்றின் ஒலி வண்டியின் ஒலியை மறைக்கும். தாண்டிச் சென்ற வண்டியின் தேயும் ஒலி அடுத்ததை மறைப்பது குறிப்பாக ஆபத்தானது. அது அடங்கும் வரை காத்திருக்குமாறு பயிற்றுவிக்கின்றனர்.

குறைந்த வேகத்தில் மின்வண்டிகளின் ஒலி மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 சூலை முதல் புதிய மின் மற்றும் கலப்பு மகிழுந்துகள் யாவும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 2016 இல் அறிவிக்கப்பட்ட விதி இதனை 30 கிலோமீட்டர் வரை வேண்டுகிறது. அதற்கு மேல் சக்கர உராய்வே போதிய ஒலி தரும்.

சைகை விளக்குகளும் வெள்ளைக்கோலும்

விளக்குள்ள சந்திப்பில், தமக்கு இணையாகச் செல்லும் வண்டிகள் புறப்படும் ஒலியோடு தாமும் புறப்படுவது பொது வழக்கம். அங்கே அச்சுறுத்துவது திரும்பும் வண்டி. பிரித்தானியாவில் பொத்தான் பெட்டியின் அடியில் உள்ள சிறு கூம்பு, நடப்பவருக்குப் பச்சை விழும்போது சுழலும். அதை விரலால் உணரலாம். 1967 இல் சப்பானின் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட சீச்சி மியாக்கேயின் புடைப்புக் கற்கள் ஓரம் எங்கே என்பதைக் காட்டும்; எப்பொழுது கடப்பது என்பதைக் காட்டா.

ஓரளவு பார்வை இருப்பதால் பலர் கோலை எடுத்துச் செல்லத் தயங்குவர். கோலைக் கண்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்தக்கூடும் என்பது உண்மையே. ஆனால் நின்ற வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் தம்மைப் பார்க்கிறாரா என்பது குறைபார்வை உடையவருக்குத் தெரியாது. பல தடச் சாலையில் ஒரு வண்டி நின்றால், அதன் மறைவில் அடுத்த தடத்து வண்டி நிற்காமல் வரலாம்.