முதுகெலும்பில் திருகு போடக் கற்றுக்கொள்வது எப்படி?

1980-ல் எலும்பு அறுவையில் பட்டம் வாங்கிய ஒரு டாக்டரை எடுத்துக்கொள்வோம். அவர் படித்த காலத்தில் வளைந்த முதுகை நிமிர்த்த ஹாரிங்டன் கம்பிதான் கதி. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் எஃகுக் கம்பி. அவர் தொழிலில் காலூன்றுவதற்குள், 1984 வாக்கில், பிரான்சின் கோத்ரெலும் துபுசேயும் இரட்டைக் கம்பி முறையோடு வந்துவிட்டார்கள். 1997-ல் சிறு குழாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, பிதுங்கிய டிஸ்க்கை எடுக்கும் முறை அறிமுகமானது. 2004-ல் முதுகெலும்பு அறுவைக்கான ரோபோவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓய்வு பெறும் வயதில் அவர் கையில் எடுத்த கருவிகளில் பலவற்றை அவர் கல்லூரியில் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பட்டம் என்னவோ அதே பட்டம்தான்.

அப்படியானால் புதியதை அவர் எங்கே பழகினார்? முதல் சில நோயாளிகளின் முதுகில் என்று சொன்னால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம். இதற்காகத்தான் முதுகெலும்பு சர்ஜன்களுக்கென்று தொடர்கல்விப் பயிற்சிகள் இருக்கின்றன. சில இரண்டு நாளில் முடியும், சில ஒரு வாரம் நீளும். விரிவுரைகள் இருக்கும். எக்ஸ்ரேவையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் திரையில் போட்டு, “இவருக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு வாதம் நடக்கும். பிறகு கைவேலை. எனக்குக் கைவேலைதான் இதில் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று புரிய, ஒரு திருகு போகும் வழியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

முள்ளெலும்பு ஒவ்வொன்றுக்கும் முன்புறம் பருத்த உடல் பகுதி உண்டு, பின்புறம் வளைவு உண்டு. இரண்டையும் சேர்ப்பவை வலமும் இடமுமாக இரண்டு குட்டையான கழுத்துகள். டாக்டர்கள் இதைப் பெடிக்கிள் என்பார்கள். பின்னாலிருந்து இந்தக் கழுத்தின் ஊடாகத் திருகை இறக்கி முன்புற உடல்வரை கொண்டுபோனால், எந்தப் பக்கம் இழுத்தாலும் எளிதில் அசையாத பிடிப்பு கிடைக்கும். 1963-ல் பாரிசில் இதைச் செய்யத் தொடங்கியவர் ரேமோன் ருவா காமிய் என்ற சர்ஜன். உடைந்த முதுகெலும்பை நிலைநிறுத்துவது, நகர்ந்துபோன எலும்பைப் பிடித்துவைப்பது, கூனலை நிமிர்த்துவது என்று இன்று நடக்கும் பெரும்பாலான அறுவைகளுக்கு இந்தத் திருகுதான் ஆதாரம்.

இடுப்புப் பகுதியில் கழுத்து அகலமானது. பெரியவர்களுக்கு 6.5 மில்லிமீட்டர் திருகு அதில் வழக்கமாகவே போகும். நெஞ்சுப் பகுதியின் நடுவிலோ அதே கழுத்து பலருக்கு 5 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் உட்சுவரை ஒட்டித் தண்டுவடம் ஓடுகிறது. கீழ்ச்சுவரை உரசியபடி நரம்பு வேர் வெளியேறுகிறது. வெளிப்பக்கம் தப்பினால் நுரையீரல் உறை. முன்பக்கம் துளைத்துக்கொண்டு போனால் பெருந்தமனி. அறுவை செய்கிறவர் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. திறந்த காயத்தில் எலும்பின் முதுகுப்பக்கம் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் கையின் உணர்வும் எக்ஸ்ரே படமும்தான்.

பயிற்சி மேஜையில் இருப்பது பிளாஸ்டிக் முதுகெலும்பாக இருக்கலாம், தானமாக வந்த உடலமாகவும் இருக்கலாம். முதலில் திருகு நுழைய வேண்டிய புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இடுப்பில் அது மூட்டின் வெளி ஓரமும் பக்கவாட்டு முள்ளின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே கெட்டி எலும்பைக் குத்தித் திறந்து, மொட்டை முனையுள்ள ப்ரோபை உள்ளே விட்டு, மெல்ல அசைத்து அசைத்துத் தள்ள வேண்டும். ஓட்டுக்குள் இருப்பது பஞ்செலும்பு. ஈரமணலுக்குள் குச்சியை இறக்குவதுபோல நறநறவென்று ஒரே சீராக வழிவிடும். சட்டென்று எதிர்ப்பே இல்லாமல் ப்ரோப் உள்ளே விழுந்தால் சுவர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். நெஞ்சுப் பகுதியில் ப்ரோபின் வளைந்த முனையை முதல் 15–20 மில்லிமீட்டருக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்துத் தள்ளுவார்கள். தண்டுவடத்தைக் கடந்த ஆழம் வந்த பிறகே அதை உட்பக்கம் திருப்புவார்கள். தவறினாலும் உள்ளே தவறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

அடுத்தது நுனியில் சிறு குண்டு வைத்த மெல்லிய கம்பி. அதை ஓட்டைக்குள் விட்டு மேல், கீழ், உள், வெளி, அடி என ஐந்து பக்கமும் தடவிப் பார்க்க வேண்டும். ஐந்தும் கெட்டியாகத் தட்டுப்பட்டால் மரை வெட்டி, மறுபடி ஒருமுறை தடவிவிட்டு, திருகை இறக்கலாம். எழுத்தில் படிக்க எளிதாக இருக்கிறது. கையில் வருவதற்கு ரொம்ப நாளாகும். உடைந்த சுவரைக்கூட ‘கெட்டியாக இருக்கிறது’ என்றே புதியவர்களின் விரல் பெரும்பாலும் சொல்லும்.

பயிற்சிக்கூடத்தின் உண்மையான லாபம் இதற்குப் பிறகுதான் வருகிறது. திருகு போட்டதும் அந்த எலும்பை அறுத்தோ, பின்வளைவை எடுத்துவிட்டோ, ஸ்கேன் எடுத்தோ உள்ளே பார்ப்பார்கள். திருகு எந்தச் சுவரை எத்தனை மில்லிமீட்டர் தாண்டியிருக்கிறது என்று போட்டவர் கண் முன்னே தெரியும். ஆஸ்பத்திரியில் இது தானாகக் கிடைக்காது. சுவரைச் சற்றே தாண்டிய திருகுகளில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. நோயாளி நடந்து வீட்டுக்குப் போய்விடுவார், சர்ஜனும் சரியாகப் போட்டதாகவே நம்பிக்கொண்டு அடுத்த அறுவைக்குப் போய்விடுவார். தொந்தரவு தராத தவறிலிருந்து யாரும் கற்பதில்லை.

உடலத்தைப் பதப்படுத்துவதிலும் ஒரு கதை உண்டு. பார்மலினில் ஊறிய உடல் மரக்கட்டையாக விறைத்துவிடும், தசையை விலக்கவே முடியாது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் என்ற உடற்கூறு பேராசிரியர், மூட்டு வளையவும் தசையின் நிறமும் மென்மையும் கெடாமலிருக்கவும் செய்யும் கலவையை உருவாக்கி 1992-ல் வெளியிட்டார். இன்று பல பயிற்சிக்கூடங்களில் அந்த முறைதான். சில இடங்களில் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் டியூரா உறைக்குள் அழுத்தத்தோடு நீரையும் ஏற்றுகிறார்கள். உறை கிழிந்தால் நீர் பொங்கி வரும், அதை அடைத்துத் தைத்துக் காட்ட வேண்டும்.

எலும்பு சர்ஜன்கள் இப்படி மேஜை சுற்றி நின்று கற்கும் வழக்கம் பெரிய அளவில் சூடுபிடித்த இடம் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். மௌரிஸ் முல்லரும் சகாக்களும் 1958-ல் பீல் நகரில் ‘ஏ.ஓ.’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். உடைந்த எலும்பைத் தகடும் திருகும் வைத்து இறுக்கி, நோயாளியைச் சீக்கிரம் அசையவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மாவுக்கட்டும் எடைகட்டித் தொங்கவிடுவதுமே வைத்தியமாக இருந்த காலத்தில் இதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. கருவியை மட்டும் விற்றுவிட்டால், தெரியாதவர்கள் போட்டுக் கெடுத்து முறைக்கே கெட்ட பேர் வாங்கித் தருவார்கள் என்று பயந்தார்கள். 1960 டிசம்பரில் டாவோஸில் முதல் பயிற்சி நடந்தது. காசநோய்க்காரர்கள் மலைக்காற்றுக்கு வந்து தங்கிய ஊர் அது. ஏ.ஓ.வின் ஆய்வுக்கூடமே பழைய காசநோய் ஆராய்ச்சிக் கட்டடத்தில்தான் தொடங்கியது. முதுகெலும்புக்கென்று தனிப்பிரிவாக ஏ.ஓ. ஸ்பைன் 2003-ல் அமைந்தது, இன்று பல நாடுகளில் பயிற்சி நடத்துகிறது.

இனி சிக்கலான இடம். கருவியைச் செய்கிறவரே பாடத்துக்கும் காசு கொடுத்தால் பாடம் யார் பக்கம் சாயும்? இந்தக் கேள்வி அமெரிக்காவில் கோர்ட்வரை போனது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே சந்தையில் இருந்த எலும்புத் திருகுகள் பல, கை கால் எலும்புகளுக்கு என்றே அனுமதி பெற்றவை. சர்ஜன்கள் அவற்றைப் பெடிக்கிளில் போட்டார்கள். அனுமதிக்கு வெளியே பயன்படுத்தும் உரிமை டாக்டருக்கு உண்டு, ஆனால் அப்படிப் பயன்படுத்தச் சொல்லி விளம்பரம் செய்யும் உரிமை கம்பெனிக்கு இல்லை. பாதிக்கப்பட்டதாகச் சொன்ன ஆயிரக்கணக்கான நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். கம்பெனிகளோடு சர்ஜன்களின் சங்கங்களையும் இழுத்தார்கள். சங்கங்கள் நடத்திய கருத்தரங்குகள் கல்வி அல்ல, மறைமுக விற்பனை என்பது அவர்கள் வாதம். அக்ரோமெட் என்ற கம்பெனி 10 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. சங்கங்களுக்கு எதிரான சதிக் குற்றச்சாட்டு 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இதற்கிடையில் 1998-லேயே பெடிக்கிள் திருகுகளை அரசு முறையாக அங்கீகரித்துவிட்டது. திருகு நல்ல திருகுதான் என்று ஆயிற்று. ஆனாலும் அந்த நோயாளிகள் கேட்டது தப்பான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. கம்பெனியின் பிரதிநிதி பக்கத்தில் நிற்க, கம்பெனியின் கருவியில் பழகியவர் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து அதே கருவியைத்தான் கேட்பார். இன்று அங்கே அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளில் யார் பணம் கொடுத்தது என்பதை அறிவிக்க வேண்டும், பாடத்தைத் தீர்மானிப்பதில் கம்பெனிக்கு இடம் கிடையாது.

நம் நாட்டில் 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள், டாக்டர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. மணிக்கணக்கு என்பதால் ஓட்டல் அரங்கில் உட்கார்ந்து கேட்ட விரிவுரையும் எலும்பைத் துளைத்த பயிற்சியும் ஒரே கணக்கில் வரவாகின்றன. வெறும் விரிவுரை டாக்டரின் நடைமுறையை மாற்றுவதில்லை, செய்து பழகும் பயிற்சிதான் மாற்றுகிறது என்பது 1999-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. பெடிக்கிள் திருகு விஷயத்தில், தவறுகள் குறைந்து கை நிலைப்பட ஏறக்குறைய 80 திருகுகள் பிடித்தன என்று 2009-ல் ஒரு ஆய்வு கண்டது. ஒரு வாரக்கடைசியில் அத்தனை போட முடியாது. சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். மிச்சத்தைப் பெல்லோஷிப் மாதிரியான நீண்ட பயிற்சியில்தான், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பார்க்கக் கற்க வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்புப் பிரிவுக்கு வெளிநாட்டிலிருந்தும் சர்ஜன்கள் அப்படிப் பழக வருகிறார்கள்.

கை மட்டும் போதுமா என்றால், எண்ணத் தெரியவும் வேண்டும். சிலருக்கு இடுப்பின் கடைசி முள்ளெலும்பு கீழே இருக்கும் புனித எலும்போடு பாதி ஒட்டியிருக்கும். கீழிருந்து எண்ணினால் ஒரு கணக்கு, மேலிருந்து எண்ணினால் வேறு கணக்கு. விளைவு, தவறான மட்டத்தில் அறுவை. 2008-ல் அமெரிக்க சர்ஜன்களிடம் நடத்திய கேள்வித்தாள் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர், தொழில் வாழ்வில் ஒருமுறையாவது மட்டம் மாறிச் செய்திருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2001-ல், வட அமெரிக்க முதுகெலும்புச் சங்கம் எளிய ஒரு நடைமுறையைப் பரப்பத் தொடங்கியிருந்தது. அறுவை இடத்தில் கையெழுத்துப் போடு, மேஜையில் எலும்பின் மேல் அடையாளம் வை, எக்ஸ்ரே எடுத்துச் சரிபார். இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பிளாஸ்டிக் எலும்பை வைத்துக்கொண்டு இதைக் கற்றுத்தரவும் முடியாது. மட்டம் மாறிப்போன அறுவைகளின் படங்களைத் திரையில் போட்டு, எந்த இடத்தில் எண்ணிக்கை பிசகியது என்று விவாதிக்கும்போதுதான் உறைக்கும்.

இப்போதைய பயிற்சிகளில் புதிதாகச் சேர்ந்திருப்பது நேவிகேஷன். நோயாளியின் முள்ளில் ஒரு சட்டகத்தைக் கவ்வவைத்து ஸ்கேன் எடுத்துவிட்டால், கேமரா அந்தச் சட்டகத்தைப் பார்த்தபடி, கருவியின் முனை எலும்புக்குள் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும். யாராவது கை பட்டுச் சட்டகம் சற்று நகர்ந்துவிட்டால் திரைக்கு அது தெரியாது. அதே தெளிவோடு தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் திருகு போடுவதற்கு முன் கருவி முனையை, கண்ணுக்குத் தெரியும் ஒரு எலும்பு மேட்டில் தொட்டுவைத்துத் திரையைப் பார்க்கப் பழக்குகிறார்கள். தொட்ட முனை திரையில் எலும்பைத் தொடாமல் மேலே நின்றாலோ உள்ளே புதைந்து தெரிந்தாலோ, மறுபடி ஸ்கேன் எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.