பாலைவனத்தில் ஒரு பந்தல்!

எங்கள் வீட்டுக் குழாயில் வாஷர் போனால்கூட நான் பிளம்பருக்குத்தான் போன் பண்ணுவேன். அவர் வந்து ரெண்டு நிமிஷத்தில் மாட்டிவிட்டு, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, 'இதுக்கா ஸார் கூப்பிட்டீங்க?' என்ற பார்வையோடு போவார். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் இருநூறு. அப்படிப்பட்ட நான், போன ஜனவரியில் அமெரிக்காவின் அரிஸோனா பாலைவனத்தில், ஒரு முறுக்கேறிய ஸ்பிரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் கை போகும். பிடித்தால் உயிர் போகும் போல இருந்தது.

காரணம், மச்சினன்.

என் மனைவியின் தம்பி ஃபீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். மூன்று வருஷம் முன்னால் ஒரு பழைய ஆர்.வி. வாங்கினான். ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. சிலதில் எஞ்சினும் சேர்ந்தே இருக்கும். சிலதை லாரி மாதிரி இருக்கும் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கவேண்டும். மச்சினனுடையது இழுக்கிற ஜாதி. இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஓர் ஊர். நமக்குச் சிவகாசி எப்படியோ, ஆர்.வி.க்கு எல்கார்ட் அப்படி. அதற்கென்று ஒரு மியூஸியமே வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்த வண்டிதான் இதுவும்.

இந்த வண்டிகளின் பக்கவாட்டில் சுருட்டி வைத்த பாய் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் எட்டடிக்கு வெளியே வந்து, ரெண்டு அலுமினியக் கைகளில் நிற்கும் துணிப் பந்தல். 'ஆனிங்' என்பார்கள். அதன் அடியில் நாலு நாற்காலி போட்டால் திண்ணை ரெடி. ஆர்.வி.க்காரர்கள் வண்டிக்குள் தூங்கத்தான் போவார்கள். வாழ்வதெல்லாம் இந்தத் துணிக்குக் கீழேதான்.

மச்சினன் வண்டியில் அந்தத் துணி கிழிந்துவிட்டது.

அரிஸோனா வெயில் சாதாரணமானதில்லை. துணியைச் சுருட்டி வைத்தாலும் கடைசிச் சுற்று வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும். மேலே தகர மூடி இல்லாத மாடல் என்றால் வருஷக்கணக்காக அந்த இடம் மட்டும் வெயிலில் காய்ந்து அப்பளமாகும். வண்டியோடு சேர்கிற ஓரம் அதுதான். ஒருநாள் காற்றில் படபடவென்று அடித்து, அந்த ஓரமாகவே பாதி நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

இதற்குள் என் மாமியாரும் ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். ஆறு மாச விஸா. நாலு மாசம் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கழித்தாயிற்று. "ஊருக்குப் போறதுக்குள்ள ஒருநாளாவது வெளியில காத்தாட உட்காரணும்டா" என்றார். அவருக்குத் திரும்ப டிக்கெட் பிப்ரவரி முதல் வாரம். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஜனவரி நடுவில்.

மச்சினன் ஆர்.வி. ரிப்பேர் கடையில் விசாரித்தான். துணி நானூறு டாலர் சொச்சம். மாட்டக் கூலி கிட்டத்தட்ட அதே அளவு. அதுவும் ஆறு வாரம் கழித்துத்தான் தேதி தருவார்களாம். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரு துணி மாத்துறதுக்கு ஆள் கிடைக்காத ஊராடா இது?"

"நாமளே மாத்திக்கலாம்மா. அத்தான் வந்திருக்காங்கல்ல!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துணி வாங்குவதிலேயே முதல் பல்பு. மச்சினன் டேப்பை எடுத்துப் பழைய துணியை அளந்து அந்த அளவுக்கு ஆர்டர் கொடுத்திருந்தான். வந்தது குட்டை. விஷயம் என்னவென்றால், கடைக்காரர்கள் 'பதினாறு அடி' என்று சொல்வது துணியின் நீளம் இல்லை. இந்தக் கையின் நடுவிலிருந்து அந்தக் கையின் நடுவு வரை அளந்தால் வருவதுதான் பதினாறு அடி. துணி அதைவிடச் சில அங்குலம் குறைவாகத்தான் இருக்கும். துணியை அளந்து சொன்னால், அவர்கள் அதிலும் சில அங்குலம் கழித்துவிட்டு அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய செலவு மச்சினன் கணக்கில். (பிளவுஸுக்கு அளவு கொடுத்த அனுபவமுள்ள யாராவது வீட்டில் இருந்தால் கேட்டிருக்கலாம். இருந்தார்கள். கேட்கவில்லை.)

துணியில் ரெண்டு ரகம். வினைல் என்பது நம்ம ஊர் ரெக்ஸின் மாதிரி. விலை குறைவு, மழை ஒழுகாது. ஆனால் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து நாறும். இன்னொன்று அக்ரிலிக் நெசவு. காற்றுப் போகும், சீக்கிரம் காயும், விலை கூட. மழை பெய்யும்போது அடியிலிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் சொட்டும். பாலைவனத்தில் மழைக்கு எங்கே போவது? மச்சினன் வினைலே எடுத்தான்.

வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள வழியில்லை. அவன் இருக்கிற காலனியில் வாசலில் ஆர்.வி. நின்றால் சங்கத்திலிருந்து லெட்டர் வந்துவிடும். ஆகவே வண்டி, அத்தை, மனைவி, புளியோதரை சகிதம் மேற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளி, குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போனோம்.

சின்ன ஊர். ஆனால் குளிர்காலம் வந்தால் வடக்கே பனியிலிருந்தும் கனடாவிலிருந்தும் தப்பித்து வரும் தாத்தா பாட்டிகளின் ஆர்.வி.க்கள் ஊரைச் சுற்றியுள்ள சர்க்கார் பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். 'பனிப் பறவைகள்' என்று பெயர். நம் வேடந்தாங்கல்தான், நாரைகளுக்குப் பென்ஷன் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஊர்ச் சுடுகாட்டில் ஒரு கல் பிரமிட், அதன் உச்சியில் ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்கு ஒட்டகம் வாங்கியபோது கூடவே வந்த ஹாஜி அலியின் சமாதி. பெயர் வாயில் நுழையாமல் 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். 1902-ல் இந்த ஊரிலேயே இறந்துபோனார். ஒட்டகத் திட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே படுத்துவிட்டது. நம் திட்டம் எப்படியோ என்று நினைத்துக்கொண்டே வண்டிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஆரம்பம். காற்று கிளம்புவதற்குள் முடிக்கவேண்டும்.

துணி எப்படி நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் ஓரத்தைத் தைத்து உள்ளே ஒரு கயிறு கோத்திருக்கிறார்கள், பாவாடை நாடா மாதிரி. அந்தப் புடைத்த விளிம்பு வண்டியின் பக்கவாட்டில் உள்ள அலுமினியத் தண்டவாளத்துக்குள் ஒரு முனையிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும். கீழ் ஓரமும் அப்படியே, சுருட்டுகிற நீளக் குழாயில் உள்ள பள்ளத்துக்குள். ஆணி கிடையாது, பசை கிடையாது. தண்டவாளத்தின் முனையில் துணி நகராமல் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். இதுவரை கேட்டால் நானே செய்துவிடுவேன் என்று தோன்றுகிறதில்லையா? எனக்கும் தோன்றியது.

வினை அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. கடைகளின் ரோலிங் ஷட்டரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையால் தள்ளினால் சர்ரென்று மேலே போய்ச் சுருண்டுகொள்கிறதே, அதற்குக் காரணம் உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங். அதே சங்கதிதான். குழாயின் ரெண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்பிரிங். துணி சுருண்டிருக்கும்போதும் அதில் முறுக்கு மிச்சமிருக்கும். தெரியாமல் கையின் போல்ட்டைக் கழற்றினால் முனையில் உள்ள தண்டு விர்ரென்று சுழலும். விரலோ மணிக்கட்டோ எது அகப்பட்டாலும் முறியும். (இப்போது வரும் புது வண்டிகளில் மோட்டார் வைத்த ஆனிங். பட்டன் போதும். ஆனால் அதிலும் கைகளுக்குள் காற்றழுத்தக் குழாய்கள் உண்டு. அதைப் பிரித்தாலும் உதைக்கும்.)

சுருட்டிய துணியைக் கயிற்றால் கட்டி, கைகளின் அடி போல்ட்டைக் கழற்றி, மொத்தத்தையும் தண்டவாளத்திலிருந்து உருவி ரெண்டு ஸ்டூலில் கிடத்தினோம். பாடையில் வைத்த மாதிரி இருந்தது. அத்தை "நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

"அத்தான், நான் குழாயைக் கட்டிப் புடிச்சுக்கறேன். நீங்க கிரிப் பிளேயரால தண்டைக் கவ்விப் புடிங்க. போல்ட்டை எடுத்ததும் முறுக்கை மெதுவா, சுத்து சுத்தா விடுங்க. எத்தனை சுத்துன்னு எண்ணிக்கங்க. திரும்ப அதே அளவு முறுக்கணும்."

போல்ட் வந்தது. கையில் ஒரு காளையின் கொம்பைக் கொடுத்த மாதிரி தண்டு திமிறியது. ஒண்ணு. ரெண்டு. மூணு. உள்ளங்கை வியர்த்தது. ஏழாவது சுற்றில் பக்கத்து வண்டித் தாத்தா காபி டம்ளரோடு வந்து, "எந்த ஊர்?" என்று கேட்டார். நான் இந்தியா என்று ஆரம்பித்து, தெற்குப் பக்கம் என்று விளக்கி, சென்னைக்கு வந்தபோது ஸ்பிரிங் அமைதியாகிவிட்டிருந்தது.

ஒன்பதா, பத்தா?

"பரவாயில்ல மச்சான், உன் பக்கம் எண்ணிப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றேன். அந்தப் பக்கம் போய் அவன் அவிழ்த்தான். முடித்ததும் கேட்டேன்.

"நான் எங்க எண்ணுனேன்? நீங்கதான் எண்ணிட்டீங்களேன்னு விட்டுட்டேன்!"

எத்தனை சுற்று என்பது கம்பெனிக்குக் கம்பெனி, நீளத்துக்கு நீளம் மாறும். குழாயில் ஒட்டியிருந்த லேபிள் வெயிலில் வெளுத்து வெள்ளைக் காகிதமாகியிருந்தது. நெட்டில் பார்க்கலாமென்றால் அத்தனை ஆயிரம் தாத்தாக்களும் ஒரே நேரத்தில் பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள் போல, சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. காபித் தாத்தாதான் வழி சொன்னார். இந்தத் துணியை அவர் தன் கையாலேயே நாலு தடவை மாற்றியிருக்கிறாராம். "குறைவாகவே ஆரம்பியுங்கள். ஒன்பது வையுங்கள். சுருட்டிப் பாருங்கள். தொங்கினால் இன்னொன்று ஏற்றலாம். அதிகம் வைத்தால் துணியை வெளியே இழுக்கவே மல்லுக்கட்ட வேண்டும்."

முனை மூடிகளைப் பிடித்திருந்த ரிவெட்டுகளை டிரில்லால் குடைந்து எடுத்து, புதுத் துணியைப் பள்ளத்தில் கோத்து, குழாயில் சுருட்டினோம். ஸ்பிரிங்கை ஒன்பது சுற்று முறுக்கி, தண்டில் உள்ள ஓட்டையில் ஒரு காட்டர் பின் செருகினோம். அந்தப் பின் இருக்கும்வரை ஸ்பிரிங் திரும்பாது. இந்த ரெண்டு ரூபாய்ச் சாமானை அவிழ்க்கும்போதே செருகியிருந்தால், நான் முழு உலக வரைபடத்தையும் தாத்தாவுக்கு விளக்கியிருக்கலாம்.

கடைசியில் தண்டவாளம். நான் ஒரு பக்கம் தூக்க, தாத்தா மறுபக்கம் தூக்க, மச்சினன் ஏணியில் நின்று விளிம்பை உள்ளே விட்டு இழுத்தான். நாலடி போனது, நின்றுவிட்டது. இழுத்தால் புதுத் துணி கிழியும். தண்டவாளத்தின் வாயை அரத்தால் ராவிப் பிசிறு எடுத்தும் நகரவில்லை. சிலிக்கான் ஸ்ப்ரே வீட்டு கராஜில் பத்திரமாக இருந்தது. என் தோளில் பதினாறடிக் குழாய்.

அத்தை உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தண்ணீரில் கரைத்திருந்தார்.

"பை ஜிப்பு சிக்கிக்கிட்டா மெழுகுவத்தி தேய்ப்போம்ல, அது மாதிரி இதைத் தடவிப் பாருடா."

தடவினான். துணி பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி மீதிப் பன்னிரண்டு அடியும் வழுக்கிக்கொண்டு போனது. காபித் தாத்தா தொப்பியைக் கழற்றி அத்தைக்கு ஒரு வணக்கம் போட்டார். அத்தை பதிலுக்குப் புளியோதரை கொடுத்தார்.

சாயங்காலம் பந்தல் விரிந்தது. பச்சைக் கோடு போட்ட நிழல். அத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தூரத்து மலையைப் பார்த்தபடி ரெண்டு மணி நேரம் எதுவுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்வி.

"மழை பெஞ்சா தண்ணி மேலேயே தேங்காதா?"

தேங்கும். தேங்கினால் அந்தக் கனத்தில் கைகள் வளைந்துவிடும். அதற்குத்தான் ஒரு பக்கக் கையை இறக்கி வைத்துச் சரிவு கொடுக்கவேண்டும். ஆறு மாசமாகக் காகிதத்தில் படித்து மச்சினன் தெரிந்துகொண்டதை அத்தை நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டுவிட்டார்.

சுருட்டிப் பார்த்தோம். தாத்தா சொன்ன மாதிரியே தளர்வாகத் தொங்கியது. அப்படியானால் பத்துதான். மச்சினன் ஏணி போட்டு அவன் பக்கம் ஒரு சுற்று ஏற்றினான். என் பக்கம் வருவதற்குள் இருட்டிவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் காற்று வண்டியை ஆட்டியது. பதறி எழுந்து வெளியே ஓடினோம். பக்கத்தில் எவனோ விரித்தே வைத்திருந்த ஆனிங் கூரைமேல் புரண்டு கிடந்தது. எங்களுடையது சமர்த்தாகச் சுருண்டிருந்தது, ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தொய்ந்து.

காலையில் கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அத்தை ஊருக்கு வந்துவிட்டார். நானும் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மச்சினன் போன் பண்ணுகிறான். சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறான்:

"அத்தான், உங்க பக்கம் இன்னும் ஒன்பதுலயேதான் நிக்குது!"