மாதவிலக்கு நாளில் இருமலில் ரத்தமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஓர் அக்கா மட்டும் திண்ணை ஓரத்தில் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தனி டம்ளரில் டீ. "இருமினா ரத்தம் வருதுங்க, டி.பி.யா இருக்கும்" என்று காதில் சொன்னார்கள்.

அவரிடம் தனியாகப் பேசினோம். "சளிப் பரிசோதனையில ஒன்னும் இல்லைன்னுட்டாங்க. ஆனா மாசா மாசம் தூரமாகிற சமயத்துலதான் ரத்தம் வருது. இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அவர் சொல்லக் கூச்சப்பட்ட அந்த விஷயம்தான் நோயைக் கண்டுபிடிக்க உதவியது. அது நுரையீரல் எண்டோமெட்ரியோசிஸ்.

இது என்ன நோய்?

கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது. மாதாமாதம் அது வளர்ந்து, கரு தங்காவிட்டால் ரத்தத்தோடு வெளியேறும். சிலருக்கு இதே மாதிரி சதை கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பை, குடல் போன்ற இடங்களில் வளரும். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. மிக அரிதாக இது நுரையீரலிலும், அதைச் சுற்றியுள்ள உறையிலும் வளரும். இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை.

அறிகுறிகள்

மாதவிலக்குக்கு முதல் நாளிலிருந்து, வந்த 3 நாட்களுக்குள் இவை தெரியும்:

* நெஞ்சுவலி, தோள்பட்டை வலி (பெரும்பாலும் வலது பக்கம்)
* மூச்சு வாங்குதல்
* சிலருக்கு இருமலில் ரத்தம்

பலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, நுரையீரல் சுருங்கிவிடும். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, ரத்தம் அதிகமாக வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இருமலில் ரத்தம் வந்தால் முதலில் டி.பி. பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனையில் இலவசம். டி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. டி.பி. இல்லை என்றால் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். மாதவிலக்கு நேரத்தில் ஒரு முறை, பிறகு ஒரு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. தேவைப்பட்டால் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

சிகிச்சை

மாதவிலக்கைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மாத்திரை அல்லது ஊசி தருவார்கள். அதைச் சாப்பிடும் காலத்தில் பொதுவாகக் கரு தங்காது. பிள்ளை வேண்டும் என்பவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காற்று சேர்ந்திருந்தால் குழாய் வைத்து எடுப்பார்கள். சிலருக்கு நெஞ்சில் ஆபரேஷன் தேவைப்படும். திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் தொடர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். "கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அது முதல் சிகிச்சை அல்ல. இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மாதவிலக்கு வந்த தேதியையும் தொந்தரவு வந்த தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் காலண்டரைக் காட்டினால் போதும். குழுவில் ஒருவர் துணைக்குப் போங்கள். காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று: டி.பி.யே இருந்தாலும் டம்ளர் வழியாக அது பரவாது. அந்த அக்கா இப்போது மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கூட்டத்தில் எல்லோரோடும் பாயில் உட்காருகிறார். தனி டம்ளர் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.