விளிம்பில் ஒரு வீடு - 7: மணலில் பிரித்த மனை

லிமாவில் மழை அபூர்வம். அதனால் அங்கே பிழைக்க வந்தவர்களின் முதல் வீட்டுக்கு நான்கு கம்பும் நாணல்பாயும் போதும். சுவரும் பாய், கூரையும் பாய்.

போன வாரம் பார்த்த கட்டடக் கலைஞர் ஜான் டர்னர் பெருவை விட்டுக் கிளம்பி ஆறு ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரல் கடைசியில், அப்படிப்பட்ட பாய் வீடுகள் பாம்ப்லோனா பகுதியின் காலி நிலத்தில் முளைத்தன. ஆண்டிஸ் மலைக் கிராமங்களை விட்டு வந்து நகரத்தின் நெரிசலில் ஒண்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் வீடுகள் அவை. நாளுக்கு நாள் கூட்டம் பெருத்தது. காலி செய்ய போலீஸ் வந்தது. மோதலில் ஓர் உயிர் போனது. குடியேறியவர்கள் பக்கம் நின்ற துணை ஆயர் பம்பரேனை உள்துறை அமைச்சர் அர்த்தோலா கைது செய்தார். கடைசியில் பதவி போனது அமைச்சருக்குத்தான்.

வெலாஸ்கோவின் ராணுவ அரசு, எல்லோரையும் நகரத்துக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மணல்வெளிக்கு அனுப்பியது. கண்ணில் படாமல் தொலைந்தால் சரி என்ற கணக்கும் இதில் இருந்திருக்கும். இப்படித்தான் வில்லா எல் சால்வதோர் பிறந்தது.

அரசு வீடு கட்டித் தரவில்லை. மனை பிரித்துக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஏழு மீட்டருக்கு இருபது மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை சென்ட். 24 மனை சேர்ந்தால் ஒரு பிளாக். 16 பிளாக்குகள் ஒரு குழு, அதாவது 384 குடும்பங்கள். குழுவின் நடுவே பொதுத்திடல். பள்ளிக்கும் சமுதாயக்கூடத்துக்கும் அங்கேயே இடம் விட்டிருந்தார்கள். அந்தத் திடல்தான் இந்தத் திட்டத்தின் மூளை என்பேன். குழாயும் கரண்டும் வருவதற்குள் ஆண்டுகள் ஓடின, லாரித் தண்ணீரைத்தான் பீப்பாயில் பிடித்து வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பிளாக்கும் தனக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. வேறு வேறு மலையிலிருந்து வந்தவர்கள் கூடிப் பேச ஓர் இடமும், பேச வேண்டிய காரியமும் முதல் நாளிலிருந்தே இருந்தன. சாவி கொடுத்துவிட்டுப் போகும் அடுக்குமாடிகளில் இது எளிதில் வாய்ப்பதில்லை.

1983-ல் அது தனி மாவட்டமானது. 1987-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது. இந்தக் கூட்டு பலம் ஆயுதக்காரர்களின் கண்ணையும் உறுத்தியது. பொதுச் சமையற்கூடங்களைக் கட்டி வளர்த்த பெண்களின் தலைவி, துணை மேயர் மரியா எலேனா மோயானோவை 1992 பிப்ரவரியில் ‘ஒளிரும் பாதை’ இயக்கத்தினர் சுட்டுக் கொன்று, உடலை வெடி வைத்துச் சிதைத்தார்கள்.

ஊர் இப்படித் தன்னைத்தானே கட்டிக்கொண்டது. நகரம் தன் பங்கைச் செய்ததா? மணலுக்கு விரட்டப்பட்டவர்களின் வேலை லிமாவில்தான் இருந்தது. அவர்களை இணைக்க 1986-ல் மின்ரயில் வேலை தொடங்கியது. வில்லா எல் சால்வதோர் முனையில் சில நிலையங்களைக் கட்டியதோடு நின்றும் போனது. தண்டவாளம் நகர மையத்தைத் தொட்டது 2011-ல். 1971-ல் கைக்குழந்தையாக மணலுக்கு வந்தவருக்கு அப்போது வயது நாற்பது.

(தொடரும்)