கறை போச்சு, எண்ணெய் எங்கே போச்சு?

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கார் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கார் தேவையில்லை. தரையைப் பார்த்தால் போதும். சாம்பல் நிற சிமெண்ட் தளத்தின் நடுவே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுத்து மினுங்கும் ஒரு வட்டம். அதற்குச் சற்றுப் பின்னால், அதைவிடச் சிறியதாக இன்னொன்று. முன்னது எஞ்சின் ஆயில், பின்னது கியர் பாக்ஸ். காரை விற்று வருஷக்கணக்கான வீடுகளில்கூட வட்டங்கள் மட்டும் வெளியேறாமல் குடியிருக்கின்றன.

இந்த வட்டங்களில் கணிசமானவை அம்பாசடரின் கைங்கரியம். நகரத்துக்குப் பக்கத்திலேயே, உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் வரை தயாரான கார் அது. அடிப்படை வடிவமோ 1950களின் பிரிட்டிஷ் கார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றுபோல் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் சுருள் பள்ளம்தான் காவல். எஞ்சின் ஓடும்வரை காவல் சரியாக நடக்கும். நின்றதும் சொட்டும். எனவே ஒழுகுவதைக் கோளாறு என்று எண்ணாமல் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டே இரண்டு தலைமுறைகள் வண்டி ஓட்டின. மஞ்சள் டாக்ஸிகள் தெருக்களிலிருந்து மறைந்துகொண்டிருக்கின்றன. தரை இன்னும் மறக்கவில்லை.

தரை மறக்காததற்குக் காரணம் உண்டு. கெட்டியான கல்போலத் தோன்றும் கான்கிரீட் உண்மையில் ஒரு சல்லடை. சிமெண்டுடன் கலந்த தண்ணீரில் ஒரு பகுதி சிமெண்டோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. மிஞ்சியது ஆவியாகிப் போகும்போது முடியிழையினும் மெல்லிய துவாரங்களை விட்டுச் செல்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தத் துவாரங்கள் எஞ்சின் ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேலே தெரிவது கறையின் முகம் மட்டுமே. உடம்பு உள்ளே இருக்கிறது.

இதனால் தளம் பலவீனமாகிவிடும் என்ற பயம் பலருக்கு. அது தேவையற்றது. இறுகிய கான்கிரீட்டை எஞ்சின் ஆயில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சாதுவாகத் தோன்றும் சமையல் எண்ணெய்தான் மோசம். கடுகெண்ணெய் போன்றவற்றில் உள்ள கொழுப்பு அமிலங்கள் சிமெண்டின் சுண்ணாம்போடு சேர்ந்து, சோப்புப் போன்ற பொருளாக மாறி, தளத்தை மெல்ல அரிக்கும். வங்காளிகளின் பலகாரக் கடைத் தரைகள் பொரிந்து கிடப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பிறகு எதற்குக் கறையைப் போக்க வேண்டும்? வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளாமல் இருக்க. எஞ்சினில் காய்ந்து கறுத்த பழைய எண்ணெயில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்கள் இருப்பதால், செருப்பில்லாத காலும் கையுறையில்லாத கையும் அதில் தினமும் படாமல் இருக்க. கடைசியாக, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடுத்த வீட்டுக்காரருடன் சண்டை வராமல் இருக்க.

சண்டையைத் தவிர்க்க மனிதர்கள் கையாளும் முதல் வழி குழாயைத் திறந்துவிடுவது. அதுதான் தவறுகளிலேயே மூத்த தவறு. தண்ணீர் மேலே மிதக்கும் எண்ணெயைப் பரப்பி, பாதியைச் சாக்கடைக்கு அனுப்பும். துவாரத்தில் இருப்பதைத் தொடாது. இரண்டாவது வழி பெட்ரோல் அல்லது கெரசின். எண்ணெயை எண்ணெய்தான் எடுக்கும் என்பது மெக்கானிக் ஷெட்டுகளின் வேதவாக்கு. எடுக்கும்தான், நீர்த்துப்போன எண்ணெய் முன்பைவிட ஆழமாக இறங்கும் என்பதை மட்டும் வேதம் சொல்லவில்லை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய கேரேஜில் தரையோடு படிந்து காத்திருக்கும். ஒரு பீடி நெருப்பு போதும்.

மூன்றாவது, கக்கூஸ் கழுவும் ஆசிட். ஊற்றியதும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துக் கறை வெந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். வேகுவது சிமெண்ட். ஆசிட் சுண்ணாம்பை அரிக்குமே ஒழிய எஞ்சின் ஆயிலைக் கரைக்காது. தளத்தின் மேல்தோல் உரிந்து துவாரங்கள் பெரிதாகும், அடுத்த சொட்டு இன்னும் சௌகரியமாக உள்ளே போகும். ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது கிளம்பும் குளோரின் வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

சரியான வழியில் வீரதீரம் எதுவும் இல்லை. புதிதாகச் சிந்திய எண்ணெய்மேல் மரத்தூளைக் குவித்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். கொல்கத்தாவில் கட்டட வேலைக்காரர்களிடம் கிடைக்கும் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், இதற்கு இன்னும் உத்தமம். உலர்ந்த மண்ணும் உதவும். தேய்க்கக் கூடாது, காலால் லேசாக அமுக்கினால் போதும். காலையில் கூட்டி அள்ளிய பிறகுதான் தண்ணீருக்கு வேலை. சலவைத் தூளையோ சலவை சோடாவையோ கொதிநீரில் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் காயவிடாமல் ஈரமாக வைத்திருந்து, கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். ஒடிந்த கம்பித் துணுக்குகள் தளத்தில் தங்கித் துருப்பிடித்தால், கறுப்புக் கறைக்குப் பதில் செங்கறை. காஸ்டிக் சோடாவை நம்புவோருக்கு ஒரு ஏமாற்றம்: அது சோப்பாக மாற்றுவது தாவர, விலங்குக் கொழுப்புகளைத்தான். பூமியிலிருந்து எடுத்த எஞ்சின் ஆயில் அந்த வலையில் விழாது. கைத்தோல்தான் விழும்.

வருஷக்கணக்கான கறைக்கு வேறு வைத்தியம். சாக்குத் தூளில் பெயிண்ட் கடை டர்பென்டைனை ஊற்றி இட்லி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, கறைமேல் அரை அங்குல கனத்துக்குப் பத்துப்போட்டு, பாலிதீன் தாளால் மூடி ஒருநாள் விட்டு, பிறகு திறந்து காயவிடுவது. டர்பென்டைன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கிறது. காயும்போது தூள் அதை மேலே உறிஞ்சுகிறது. எண்ணெயை உள்ளே இழுத்த அதே விதி இப்போது வெளியே இழுக்கிறது. கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இரண்டு மூன்று முறை செய்தால் கறுப்பு, வெளிர் பழுப்பாகும். சுத்தமாக மறைய வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் தளத்தைப் பெயர்த்துப் போட வேண்டியதுதான்.

எண்ணெயைத் தின்னும் கிருமிகள் என்ற மாற்றுவழிக்கும் வங்காளத் தொடர்பு உண்டு. பீர்பூம் மாவட்டத்து சைந்தியாவில் 1938இல் பிறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை மரபு மாற்றத்தால் உருவாக்கினார். உயிருள்ளதற்குக் காப்புரிமை உண்டா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக, 1980 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. புதுதில்லியின் டெரி நிறுவனம் பின்னர் இயற்கையான பாக்டீரியாக்களைச் சேர்த்து ‘ஆயில்ஜாப்பர்’ என்ற கலவையை உருவாக்கியது. சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சகதியில் அது பயன்பட்டிருக்கிறது. கேரேஜ் தரைக்கு இம்முறை பொருந்தினாலும் ஈரமும் காற்றும் பல வாரப் பொறுமையும் வேண்டும். மூன்றாவதுதான் கடையில் கிடைக்காது.

கொல்கத்தாவில் இந்த விஷயம் வீட்டு வாசலோடு முடிவதில்லை. நகரத்தின் சாக்கடை நீரில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே கிழக்கே போகிறது. அங்கே சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்து கிடக்கின்றன கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள். 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. ‘பேரி’ என்று அழைக்கப்படும் ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரைத் தேக்கி, வெயிலையும் பாசியையும் கொண்டே அதைச் சுத்தம் செய்து, அதில் ரோகுவும் கட்லாவும் திலேப்பியாவும் வளர்க்கிறார்கள் மீனவர்கள். எந்த எஞ்சினியரும் வரைபடம் போட்டுத் தராத ஏற்பாடு இது. இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொல்வதில் வாழ்நாளைக் கழித்தவர் 2018இல் காலமான துருபஜோதி கோஷ்.

இந்த ஏற்பாடு முழுவதும் வெயிலும் காற்றும் தண்ணீருக்குள் போவதை நம்பி நடக்கிறது. எண்ணெய்ப் படலம் தடுப்பது அதைத்தான். ஒரு கார் எஞ்சினிலிருந்து மாற்றிய எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். தோல் பதனிடும் ஆலைக் கழிவோடு ஒப்பிட்டால் கேரேஜ் சொட்டு கொசுறுதான். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை குழாயடித்துக் கழுவிவிட்டதில் கொஞ்சம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் எடைபோட்டு வாங்கும் மீனைச் சென்றடைய வழி திறந்தே இருக்கிறது.

மொத்தமாக வடித்தெடுத்த பழைய எண்ணெயை மெக்கானிக்குகள் கொட்டுவதில்லை; அதற்கு விலை உண்டு. சென்டரிங் பலகையில் தடவவும் கொளுத்தவும் அது கைமாறிப் போகிறது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் போக வேண்டும் என்பது அபாயகரக் கழிவு விதி. 2024 ஏப்ரல் முதல் எண்ணெய்த் தயாரிப்பாளர்களுக்கும் திரும்பப் பெறும் பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது. தரையில் சொட்டுவதற்கு மட்டும் வாங்குவாரும் இல்லை, பொறுப்பேற்பாரும் இல்லை.

பழைய டாக்ஸி டிரைவர்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டார்கள்: ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு தட்டையான தகர டின். சிக்கனக்காரர்கள் சிலர் காலையில் அந்த எண்ணெயை எஞ்சினிலேயே திருப்பி ஊற்றிவிடுவார்கள். ராத்திரி முழுவதும் டின்னில் விழுந்த தூசியும் மணலும் சேர்ந்தே உள்ளே போகும் என்பதால், சில மாதங்களில் வண்டி மெக்கானிக்கிடம் வரும். இரண்டாவது வட்டம் அவர் தரையில்.