கறுப்புத் திரைக்குப் பயப்பட வேண்டாம்: யூனிக்ஸ் கட்டளை வரி



நாற்பது மாணவர்களின் கட்டுரைகள் கணினியில் இருக்கின்றன. எத்தனை பேர் ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்று எழுதியிருக்கிறார்கள்? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒரு சாயங்காலமே போய்விடும். யூனிக்ஸ் கட்டளை வரியில் ஒரே வரி போதும்.

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதை உருவாக்கினார்கள். லினக்ஸ், மேக் கணினிகளில் ‘டெர்மினல்’ என்பதைத் திறந்தால் கட்டளை வரி வரும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் நிறுவிக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று கட்டளைகள். இங்கே உச்சரிப்பைத் தருகிறோம். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

1. பிடபிள்யூடி: நான் எந்தக் கோப்புறையில் இருக்கிறேன்?
2. எல்எஸ்: இங்கே என்னென்ன கோப்புகள் உள்ளன?
3. சிடி: வேறு கோப்புறைக்குப் போ. (இடைவெளி விட்டு அதன் பெயரை எழுத வேண்டும்.)

அடுத்தது ‘பைப்’. நம் பேராக் ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டியவர் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே ஒருவர் வடிகட்டுவார். கிராணி எடையைக் கணக்கில் எழுதுவார். ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். யூனிக்ஸ் கட்டளைகளும் அப்படித்தான். டக் மெக்கில்ராய் வலியுறுத்தியதால் 1973-இல் இந்த வசதி யூனிக்ஸில் சேர்ந்தது. அதன் குறி | என்ற நிமிர்ந்த கோடு.

இப்போது நம் கட்டுரைகளுக்கு வருவோம். ஆளுக்கு ஒரு கோப்பாக, வெறும் உரைக்கோப்பாகச் சேமித்திருக்க வேண்டும்; வேர்ட் கோப்பு உதவாது. கட்டுரைக் கோப்புறைக்குள் போய் இதைத் தட்டுங்கள்:

கிரெப் -எல் முயற்ச்சி * | டபிள்யூசி -எல்

‘கிரெப்’ தேடுகிறது. அதன் ‘-எல்’ பிழையுள்ள கோப்புகளின் பெயரை மட்டும் வரிக்கு ஒன்றாகத் தருகிறது. நட்சத்திரக் குறிக்கு ‘இங்குள்ள எல்லாக் கோப்புகளும்’ என்று பொருள். ‘டபிள்யூசி -எல்’ அந்த வரிகளை எண்ணிச் சொல்கிறது. பன்னிரண்டு என்று வந்தால், நாளைய பாடம் வல்லினம் மிகும் இடமல்ல. ‘ற்’ எழுத்துக்குப் பின் இன்னொரு வல்லின மெய் வராது என்பதுதான். கோட்டுக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிட்டால், எந்தெந்த மாணவர் என்றும் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. ‘ஆர்எம்’ கோப்பை அழிக்கும் கட்டளை. இதில் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். நட்சத்திரக் குறியோடு தட்டினால், ஒரு வருடத்துக் கட்டுரைகளும் ஒரு நொடியில் காணாமல் போகும். அதனால் முதலில் அதே குறியோடு ‘எல்எஸ்’ தட்டி, வரும் பட்டியலைப் படியுங்கள். அதில் உள்ள அத்தனையும் வேண்டாதவைதானா? அப்புறம் அழியுங்கள். ‘ஆர்எம் -ஐ’ என்று தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும்.

மாணவர்களே, கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு பயிற்சிக் கோப்புறையில் தினமும் பத்து நிமிடம் தட்டிப் பாருங்கள். கை தானாகப் பழகிவிடும்.