வெள்ளிக்கிழமை மாலை வந்தால் லிப்டுக்கும் தடை!

கொச்சி வரும் யூதப் பயணிகள் போடும் கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத ஜெப ஆலயம் 1568-ம் ஆண்டில் கட்டப்பட்டது. இதைப் பார்க்க வெளிநாட்டு யூதர்கள் பலர் வருகிறார்கள்.

மதக் கட்டுப்பாட்டை விடாமல் கடைப்பிடிப்பவர்களுக்கு இந்தப் பயணம் லேசுப்பட்டதல்ல. டிக்கெட் எடுக்கும் முன்பே பல கணக்குகள் போட்டாக வேண்டும்.

சூரியன் மறைந்தால்...

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது. சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை ஆட்டோ, காரில் ஏறக்கூடாது. பணத்தைத் தொடக்கூடாது. ஸ்விட்சைப் போடக்கூடாது. லிப்டில் பட்டனை அமுக்கவும் கூடாது!

கொச்சியில் 6 மணியில் இருந்து 7 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். விமான நிலையமோ நெடும்பாசேரியில். மட்டாஞ்சேரிக்கு சுமார் 40 கிலோமீட்டர். எனவே, வெள்ளிக்கிழமை பிற்பகல் விமானத்தை நம்பக்கூடாது. லேட்டானால் வழியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வியாழக்கிழமையே வந்துவிடுவது நல்லது.

ஓட்டல் அறை ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில், கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும். மின்சார அட்டை சாவி உதவாது. சாதாரண சாவி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கரிமீன் சாப்பிடலாமா?

இறால், நண்டு, பன்றி இறைச்சி அறவே கூடாது. கரிமீனுக்குச் செதிலும் துடுப்பும் இருப்பதால் தடை இல்லை. ஆனால், எந்தச் சட்டியில் சமைத்தார்கள் என்பதுதான் கேள்வி! கண்டிப்பானவர்கள் சைவ ஓட்டலில்கூட கை நனைப்பதில்லை.

பழம், இளநீர் கவலை இல்லை. டின் உணவையும் சிறு பாத்திரத்தையும் பெட்டியில் கொண்டு வருவதே வழி. முன்கூட்டியே சொன்னால், பல விமானங்களில் "கோஷர்" சாப்பாடு சீல் வைத்த பொட்டலமாகக் கிடைக்கும்.

9 பேர் போதாது

தாய், தந்தையை இழந்த மகன் 11 மாதம் தினமும் "காதிஷ்" பிரார்த்தனை சொல்வது வழக்கம். 10 ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும். 9 பேர் இருந்தாலும் பயனில்லை.

ஒரு காலத்தில் கொச்சியில் இது ஒரு பிரச்சினையே அல்ல. 1948-ல் இஸ்ரேல் உருவானது. 1950-களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே, துக்கம் காப்பவர்கள் தனியாக வராமல் குழுவாக வருவதே நல்லது. ஆலயம் 450 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பத்தாவது ஆளைத்தான் வெளியூரில் இருந்து கூட்டி வர வேண்டியிருக்கிறது!